சத்தம் போட்டுப் படித்த சட்டம்

மாப்ளே,

இன்று பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய அலமாரியைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து கிளம்பிய பாச்சை உருண்டை வாசனை, காவிரிக்கு அக்கரையில் இருக்கும் கரையானையும் சேர்த்து ஊரைவிட்டு விரட்டியிருக்கும். அதோடு என் நினைவில் நீயும் வந்துவிட்டாய்.

உள்ளூர்க்காரன் என்று எழுதிக் கொடுத்து ஒருநாள் அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தேன். நம் காலத்தில் இதெல்லாம் ஏது? நமக்கு வாய்த்தது ஊருக்குள் இருந்த பொது நூலகம்தான். நாள் முழுக்க அங்கேயே கிடந்து படித்த வாசகனானாலும், அதன் சக்கரவர்த்தி நான். என் உத்தரவில்லாமல் அங்கே மின்விசிறிகூடச் சுழலாது. நீ அந்தப் படியை மிதித்ததோ ஒரே காரணத்துக்காக.

எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் கறுப்பு சிவப்பும், எந்த வரப்பைப் பார்த்தாலும் செங்கொடியும் பறந்த காலம் அது. பூதலூர்ப் பக்கம் உன் அப்பா நாளிலிருந்து நீங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தின்மேல் மிராசுதாருக்கு மனசு போயிற்று. சும்மா இறக்கிவிடச் சட்டம் இடம் தராது. அதனால் நீ வண்டி கட்டிக் கொண்டுபோன குத்தகை நெல்லை அவருடைய காரியஸ்தர் அளக்கவே மறுத்தார். அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினார். நாளைக்கே குத்தகை பாக்கி என்று வழக்குப் போட்டு உன்னை வெளியேற்ற அது போதும். வக்கீல் வீட்டுப் படியேற உனக்கு வசதியில்லை. எனக்கு நூலகம் இருந்தது.

குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தமிழிலேயே இருந்தது. ஆனால் பாச்சை உருண்டை போட்டுப் பூட்டிய சட்ட அலமாரிப் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும் என்று. அதுவும் மதகடியில் நின்று அக்கரை ஆளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். முதல் வரியில் மேட்டூர் அணையே திறந்துகொண்டிருக்கும். நூலகர் வந்து குரலைக் குறைக்கச் சொன்னார். இரண்டு வரி தணிந்தாய். மூன்றாவது வரியில் பழைய சுருதிக்கே வந்தாய். நான் உன் தொடையைக் கிள்ளினேன். காரணம், பேப்பர் மேசையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர் அதே காரியஸ்தர்.

நீ கவனிக்கவில்லை. குத்தகையை வாங்க மறுத்தால் அதை வருவாய் நீதிமன்றத்திலேயே கட்டிவிடலாம் என்ற இடத்துக்கு வந்திருந்தாய். மேசையில் பேப்பர் புரளும் ஓசை நின்றது. துண்டைத் தோளில் போட்டிருந்த ஒருவர் கேட்டார்:

"அந்த எடத்த இன்னொருதரம் படிங்கண்ணே."

அவர் நெல்லும் அளக்கப்படாமல் கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நூலகர் அவரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். உள் அறையில் ஏதோ அவசர வேலை இருப்பவர்போல் எழுந்து போய்விட்டார். நீ மறுபடி படித்தாய். நாற்காலிகள் நம் பக்கம் நகர்ந்து வந்தன. காரியஸ்தர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியேறினார்.

"கெடுத்தியே மாப்ளே. நேரா மிராசுதார்கிட்டதான் போறாரு."

"போகட்டும். சட்டம் அவருக்கும் தெரியணும்ல" என்றாய்.

மறுநாளே கட்டப் போனாய். உன் பின்னால் அந்தப் பேப்பர் மேசையே வரிசையில் நின்றது. கூட்டத்தைப் பார்த்து, பெரிய கோயில் தேரைத்தான் தப்பான தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பிறகு வழக்கு வந்தது. பாக்கியே இல்லை என்று அதிகாரி தள்ளிவிட்டார். அந்த வருஷக் குறுவையை நீதான் நட்டாய். கடைசிவரை அந்த மண் உன் காலை விடவில்லை. இப்போது உன் மகள் பார்க்கிறாள்.

உன்னால் எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதியைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? "மாமா, மானத்த வாங்காதீங்க" என்று என் அக்கா பிள்ளைகள் என்னோடு நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இன்றும் அப்படித்தான். பயிர்க் காப்பீட்டு விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் திருத்துறைப்பூண்டிக்காரர் ஒருவர், மூழ்கிப்போன சம்பாவைப் பற்றிக் கூட வந்தவரிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மூழ்கிய பயிருக்கான விதி கையிலேயே இருந்தது. எனக்கு வேண்டிய விதி இல்லை அது, அவருக்கு வேண்டியது. எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தேன். உன் குரலில் கால்வாசிகூட வரவில்லை. ஆனாலும் அவர் திரும்பிப் பார்த்து, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.