டெலிவிஷனில் வந்த குரல்

கடலூர் முதுநகர்,
தை 1966

அன்பு மாமாவுக்கு,

இங்கே குழந்தையும் நானும் சௌக்கியம்.

சிங்கப்பூர் டெலிவிஷனில் வாராவாரம் பாடுவதாக நீங்கள் எழுதியதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். பதினாறு வயதில் சிதம்பரம் நாடகக் கொட்டகையில் நீங்கள் பாட, பெண்கள் நாங்கள் முண்டியடித்ததை யாரும் மறக்கவில்லை.

அங்கிருந்து கப்பலில் வந்திறங்கிய என் தம்பி தனக்கோடி, "மச்சான் வாயத்தான் அசைக்கிறாருக்கா. பாடறது அவரோட பழைய ரெக்கார்டு" என்றான். திட்டி அனுப்பிவிட்டேன்.

போன மாதம் வந்த போட்டோவில் கழுத்தில் மப்ளர் சுற்றியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் அவ்வளவு குளிரா?

நேற்று சிதம்பரம் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். காரணம் கேட்காதீர்கள்.

நீங்கள் பாடவே வேண்டாம் மாமா. கப்பலை விட்டு இறங்கியதும் என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தரம் கூப்பிடுங்கள். அது போதும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி