தரைக்குள் நிற்கும் பெயர்

மே 6, திங்கள்

ஊர்ப் பெருமக்களே! கடல் நம் மழலையர் பள்ளியை விழுங்குகிறது. மேட்டில் இடம் கேட்டு மூன்று மனு எழுதினோம், மறுமொழி ஒன்றுமில்லை! — ஊர்க்கூட்டத்தில் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

ஏழாண்டில் மூன்று முறை மண் கொட்டித் தரையை உயர்த்தினோம். கடைசியாக, இந்த ஆண்டு நோன்பு விடுமுறையில், இரண்டு சாண். கூரை உயரவில்லை. வாசலில் நான் முதுகை வளைத்து நுழைகிறேன். பிள்ளைகள் நிமிர்ந்தே வருகிறார்கள்.

மே 8, புதன்

பாடம்: நெட்டை, குட்டை. பொடியன் பாயு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நான்தான் நெட்டை!" என்றான். இறக்கிவிட்டேன். ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே தரையில் நிற்க வேண்டும்.

கதவுநிலையில் பழைய மாணவர்களின் உயரக் கோடுகள், பெயர்களோடு. குஞ்சோரோவின் கோடு தரையை ஒட்டிக் கிடக்கிறது. அவன் இப்போது நகரத்தில் படிக்கிறான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவள் ரத்மி மட்டும் குனிந்து தரையில் காதை வைத்தாள்.

"டீச்சர், அந்த அண்ணன் கீழ நிக்கிறான். மூச்சு விடுறது கேக்குது."

நானும் காது வைத்தேன். தண்ணீர்தான். தண்ணீர்தானே?

மே 14, செவ்வாய்

காலையில் தரையைத் துடைத்தேன். பத்து மணிக்கு மறுபடி ஈரம். மழை இல்லை.

மே 20, திங்கள்

வகுப்பறைக்குள் கடல் ஓதம். மாவட்ட அலுவலர் ஹர்கோனோ கோலை நட்டுப் பார்த்தார்.

"போன வருசமும் கணுக்கால், இந்த வருசமும் கணுக்கால். தண்ணி ஏறவே இல்லியே, வார்த்தினி டீச்சர்! மேடையில கத்துறதுதான் ஜாஸ்தி."

ரத்மி முந்திக்கொண்டாள்.

"தப்பு மாமா! போன வருசத் தண்ணி கீழ்த்தரையில நின்னுச்சு. இது பெஞ்சு மேல ஏறி நிக்குது, பாயு மாதிரி."

கதவுநிலையில் எஞ்சிய உயரத்தைக் கொண்டு புதுத்தரையின் கனத்தை அளந்தார். இரண்டு சாண். தண்ணீர் அத்தனையும் ஏறியது ஓராண்டில்! குனிந்து, தண்ணீருக்குள் தெரிந்த குஞ்சோரோவின் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

"எழுதி அனுப்புறேன். ஆணை வர ஒரு மாசம் ஆகும்" என்றார், மெல்ல.

"ஒரு மாசமா? நிலா நிறைய மூணே நாள்தான் இருக்கு! அன்னிக்கு ஓதம் இன்னும் ஏறுமே!" என்றேன்.

மே 23, வியாழன்

மசூதி மாடியில் எழுதுகிறேன். பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் பாயில் அமர்ந்து, யார் சோற்றுப்பொட்டலம் கனம் என்று சண்டையிடுகிறார்கள். நேற்று ஊர்க்கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், ஆணைக்குக் காத்திராமல் ஊரே பெஞ்சுகளை இங்கே தூக்கி வந்தது. கீழே, பழைய வகுப்பறையில் முழங்காலளவு நீர். குஞ்சோரோவோடு இன்னும் நான்கு பெயர்கள் நீருக்குள் போய்விட்டன.

கடலோரக் கீழைத் தெருவில் ஒன்பது வீட்டார் இப்போதும் மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மசூதியின் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிவிட்டேன். சொல்லப்போவது இதுதான்:

கீழைத் தெருவினரே! மண்கூடையைக் கீழே போடுங்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்குங்கள். இந்த நொடியே மேலே வாருங்கள்!