வடக்கு பார்த்த சுவர்

மார்ச் 9
ஜூனில் ஊரே தோட்டக் கதவைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்து டீயும் கேக்கும் விற்கும் நாள் வருகிறது. இந்த வருடமாவது தோட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் பட்டியலில் என் தோட்டம் வர வேண்டும். நாத்தனார் ஜானிஸின் தோட்டம் தவறாமல் வருகிறது. அவளுக்கென்ன, தெற்கு வெயில். குச்சியை நட்டாலும் பூக்கும். எனக்கு வாய்த்ததோ வடக்கு பார்த்த செங்கல் சுவர். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

மார்ச் 22
"நிழலைத் தாங்கும்மா" என்று நர்சரிக்காரர் ஒரு கொடி ரோஜாவை என் தலையில் கட்டிவிட்டார். தாங்கும்! நானும்தான் புருஷன் டெஸ்மண்டை இத்தனை வருடம் தாங்குகிறேன். பூத்தேனா?

ஏப்ரல் 17
ரோஜா குச்சியாகவே நிற்கிறது. கூடவே வாங்கிய கிளெமாட்டிஸ் கொடியை நத்தைகள் மொட்டையடித்துவிட்டன. படரும் ஹைட்ரேஞ்சியா ஏறுவதற்குச் சில வருடங்கள் ஆகுமாம்.

ஜானிஸ் வந்தாள். சுவர் இடுக்கெல்லாம் பாசி, தானாக முளைத்த பெரணி. "பரவால்லையே அண்ணி, பாசியாவது வருதே!" என்றாள். வயிறு எரிகிறது.

மே 3
நாளை குழு வருகிறது. காலையிலிருந்து கம்பி பிரஷ்ஷும் பிளீச்சும் கையுமாக நின்றேன். வேலைக்காரி வருவதற்கு முன்பே வீட்டைத் துடைத்துவைத்த அம்மாவின் பெண் அல்லவா? ஒரு பெரணியைக்கூட விடவில்லை.

டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிச் சுவராட்டம் இருக்கு, பெவ்."

மே 4
குழுத் தலைவி பிலிப்பா சுவர் முன்னால் நின்று விழித்தாள்.

"இங்க பெரணி இருந்துச்சே? போன வாரம் சந்துல போறப்ப வேலி வழியாப் பாத்தேன். அந்தப் பாசியக் காட்டத்தானே எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்!"

"அழுக்குன்னு நெனச்சு..."

"ரொம்ப... சுத்தமா இருக்குங்க" என்றாள். அப்புறம் அவள் மன்னிப்புக் கேட்டாள், நான் கேட்டேன், மறுபடி அவள் கேட்டாள். எல்லாரும் டீ குடித்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐயோ, என் கையாலயே... என்ன பொம்பள நான்! அழுது தீர்த்தேன்.

மே 6
பட்டியலில் நான் இல்லை. ஜானிஸ் இருக்கிறாள்.

ஜூன் 14
ஜானிஸ் தோட்டத்தில் கேக் வெட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. கூட்டம் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கொட்டகையின் பின்பக்கம் போனேன். அப்படி ஒரு பாசி! கேக் டப்பா காலியாகத்தான் இருந்தது.

ஜூன் 16
"தயிர் எங்கே?" என்று டெஸ்மண்ட் வீடெல்லாம் தேடுகிறார். சுவரில் மறுபடி பாசி பிடிக்க, டப்பாவில் கொண்டுவந்த பாசியோடு அரைத்துப் பூசிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 20
ஜானிஸ் வந்திருந்தாள். "கொட்டகைக்குப் பின்னாடி யாரோ நல்லா சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டுப் போயிருக்காங்க அண்ணி. யார் பெத்த புள்ளையோ, நல்லாருக்கட்டும்!"

அவள் தட்டில் இன்னொரு கேக் துண்டு வைத்தேன்.

செப்டம்பர் 2
மழை. சுவரின் மூலையில் பொட்டளவு பச்சை. டெஸ்மண்ட் துணியோடு துடைக்கப் போனார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.