எல்லா பல்பும் எரியுது

பிப்ரவரி 3
கிழவிக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் பண்ணியும் மிச்சம் இருக்காம். புது வைத்தியம் ஒண்ணு இருக்கு, பேரு நானோன்னாங்க டாக்டரம்மா. "நானோ நீயோன்னு இன்னும் முடிவாகலையா?"ன்னேன். அவங்க சிரிக்கல. மக தொடையில கிள்ளிட்டா.
கண்ணுக்கே தெரியாத தங்கத் தூளாம். ரத்தத்துல ஏத்தினா கட்டியில போய் உக்காந்துக்குமாம். படம் எடுத்தா அந்த இடம் வெளிச்சமாத் தெரியுமாம். அப்புறம் அந்தத் தூளையே சூடாக்கி கட்டியைப் பொசுக்கிடுவாங்களாம்.

பிப்ரவரி 4
"கல்யாணமான நாள்லேர்ந்து தங்கம் தங்கம்னு உயிரை எடுத்தியே, இப்ப உடம்புக்குள்ளயே ஏத்துறாங்க"ன்னேன் கிழவிகிட்ட.
"உள்ள போட்டா எவ பாக்கப்போறா?"
வாய் மட்டும் இளைக்கவே இல்ல.

பிப்ரவரி 11
தூள் ஏத்தியாச்சு. நாளைக்குப் படம்.

பிப்ரவரி 12
படத்தைப் பாத்தேன். வயிறு, ஈரல், முதுகெலும்பு வரைக்கும் பளிச் பளிச்சுன்னு புள்ளி. நான் காலம் பூரா வயரிங் வேலை பாத்தவன். பல்பு எரிஞ்சா லைன் சரி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டாக்டரம்மா வாயைத் திறக்குறதுக்குள்ள வார்டுக்கு ஓடிட்டேன். "கிழவி, எல்லா பல்பும் எரியுது. மருந்து உடம்பு பூரா போயிருச்சு"ன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பிஸ்கட் தின்னா.
சாயங்காலம் வராந்தாவுல மக சொன்னா. "அப்பா, அது கட்டியில மட்டும்தான் ஒட்டும். எரியிறது ஒவ்வொண்ணும் ஒரு கட்டிப்பா. இத்தனையைப் பொசுக்க முடியாதாம்."

பிப்ரவரி 13
என்ன காரியம் பண்ணிட்டேன்.

பிப்ரவரி 15
சொல்லிடலாம்னு போனேன். அவ பக்கத்துக் கட்டில்காரிகிட்ட, "எனக்கு எல்லா பல்பும் எரியுதாம்"னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தா. வாசல்லேர்ந்தே திரும்பிட்டேன். மாடிப்படியில உக்காந்தேன். அழுகைகூட வரல.

பிப்ரவரி 17
"நான் சொல்லிடறேன்பா"ன்னா மக. வேணாம். உளறினது நான்தானே — ஆனா எப்படிச் சொல்றது? எந்த வாயால?

பிப்ரவரி 18
போனேன். அவ கால் நகத்தை வெட்டிவிட்டேன்.
"ஏங்க, நீங்க என்னைக் கிண்டல் பண்ணி நாளாச்சு. அதுலயே தெரிஞ்சுபோச்சு"ன்னா.
"அப்ப அன்னிக்கு பக்கத்துக் கட்டில்காரிகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"
"வாசல்ல நீங்க நின்னீங்க. உங்க காதுல விழட்டும்னுதான்."
நகவெட்டியைக் கீழ போட்டுட்டேன்.

பிப்ரவரி 22
வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். வலிக்கு மட்டும் மாத்திரை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். "எதாவது பேசுங்க"ன்னா. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. "உங்கப்பாவுக்கு வாய் கட்டிப்போச்சுடி, நல்ல டாக்டராப் பாரு"ன்னு மககிட்ட சொல்றா. மக சிரிச்சா. நானும் சிரிக்கிற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டேன்.