பாழ் என்று எழுதாத கிணறு

எடியே, இன்று காலை பிரதேச சபையிலிருந்து முத்திரை குத்திய கட்டடப் படம் கைக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டோடு ஒட்டி ஒரு புது அறை, அதற்குள்ளேயே கழிப்பறை. மதிலுக்கு அந்தப் பக்கம், உன் வளவுக்குள், சின்னதாக ஒரு வட்டம். பக்கத்தில் 'கிணறு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. முதல் கீறிய படத்தில் அதற்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. அதை எடுக்க வைத்தவள் நான். அதனால் இவர் ஒரு மாரி முழுக்க நனைந்தார்.

நீ கண்ணை மூடின பிறகுதான் இவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துபோயிற்று. எங்கள் கழிப்பறை வளவின் கடைசியில், கிணற்றடியையும் தாண்டி இருப்பது உனக்குத் தெரியும்தானே. ஒவ்வொரு முறையும் தோளில் சாய்த்துக் கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் இரண்டு பேருமாக விழுந்தோம். மாரிக்கு முன் அறையோடு சேர்ந்த கழிப்பறை கட்டிவிட வேண்டுமென்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

படம் கீறுகிற தம்பி வந்து அளந்தார். எங்கள் ஒடுங்கின வளவில் மலக்குழிக்கு வசதியான இடம் உன் மதிலோரம்தான். அது உன் கிணற்றுக்குக் கிட்ட. கிணற்றுக்குக் கிட்டக் குழி வெட்ட விடமாட்டார்கள். தம்பி அதற்கும் வழி வைத்திருந்தார்.

“அன்ரி, உதிலை இப்ப ஒருத்தரும் அள்ளுறேல்லைத்தானே? பாழ்கிணறெண்டு போட்டுவிட்டன். பாவிக்காத கிணறெண்டால் பெரிசாத் தூரம் பாக்க மாட்டினம்.”

கனடாவில் இருக்கும் உன் மகனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “போடுங்கோ அன்ரி, நான் கடிதமும் தாறன். ஆர் இனி அங்கை வந்து அள்ளப் போகினம்?” என்றான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கிணறு சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கலியாணம் கட்டி இணுவிலுக்கு வந்த புதிதில், நான் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்ததை வேலிக்கு அப்பால் நின்று பார்த்துச் சிரித்தவள் நீ. “உந்தத் தண்ணியிலை ஆர் தேத்தண்ணி போடச் சொன்னது? குடத்தைக் கொண்டு வா.” அப்படித்தான் வேலியில் பொட்டு விழுந்தது, ஒரு ஆள் குனிந்து போய்வருகிற அளவு ஓட்டை. பிறகு வேலியை எடுத்து மதில் எழுப்பினாய். “பொட்டு விட்டுக் கட்டு மேசன்” என்று நீ ஒற்றைக் காலில் நிற்க, மேசன் பேந்தப் பேந்த முழித்தான். மதிலில் பொட்டு விட்ட வீடு யாழ்ப்பாணத்திலேயே உன்னுடையதாகத்தான் இருக்கும்.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது உன் வீட்டில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. நான் தலையில் அடித்து அழுதேன். நீ முதல் வேலையாகக் கிணற்றை இறைத்தாய். “தண்ணி இருக்கேக்கை என்னெண்டடி பாழெண்டு சொல்லுவாய்?” என்று என்னைத்தான் ஏசினாய்.

சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்க்க வந்தார். பொட்டால் குனிந்து போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெரியாமல் சருகு மிதந்தது.

“இது பாவிக்கிற கிணறோ, அம்மா?”

இல்லை என்றால் அலுவல் முடிந்துவிடும். இவர் உள்ளே கதிரையில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம். நான் அள்ளுறனான்.”

பச்சைப் பொய். நீ போன நாளிலிருந்து நான் போத்தல் தண்ணிதான் வாங்குகிறேன். தம்பி தலையில் கை வைத்தார். “அப்ப குழியை மாத்திப் புதுப் படம் குடுங்கோ” என்று சொல்லிவிட்டு உத்தியோகத்தர் போய்விட்டார்.

மாற்ற இருந்த ஒரே இடம் வாசல் படலையடி. திருவிழாவில் சுவாமி வீதி வலம் வரும்போது நிறைகுடம் வைக்கிறோமே, அதற்குப் பக்கத்தில். முன்வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். “ஆரும் வாசலிலை கக்கூசுக் குழி வெட்டுவினமோ?”

படத்தைத் திரும்பக் கீறிக் கொடுத்துக் காத்திருக்க மாரி பிடித்துவிட்டது. குடை பிடித்தும் இவர் நனைந்தார். ஒருநாள் நடுங்கி நடுங்கி வந்து கட்டிலில் இருந்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. செத்தவளின் கிணற்றுக்காக உயிரோடு இருக்கிற மனுசனை வதைக்கிறேனோ? தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“நான் பிழை விட்டிட்டனோ? சுவாமி வாற வாசலிலை குழியும் வெட்டப் போறன். கோவிக்குமோ?”

இவருக்கு இப்போது ஒரு சொல் வரவே நேரமெடுக்கும்.

“சுவாமி... கோவியாது. அவள்தான்... கோவிப்பாள்.”

சொல்லிவிட்டுக் கோணின வாயால் சிரித்தார். பாரிசவாதம் வந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழை விட்டதும் ஆள் பிடித்து உன் கிணற்றை இறைப்பித்தேன். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டாமா? இப்போது ஒவ்வொரு நாளும் காலையில் அதில்தான் அள்ளுகிறேன். குழி வெட்ட நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், முன்வீட்டுக்காரி என்ன சொன்னாலும் சொல்லட்டும். நீ போய்விட்டாய், ஆனாலும் உனக்குப் பயந்துதான் நடக்கிறேனடி. அந்தப் பயம் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்றுதான் கும்பிடுகிறேன்.