ஒரே பெண் ஓனர்

அன்புள்ள அம்மாவுக்கு,

புனேயிலிருந்து வினிதா எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? மீன் கூடையை நீ தூக்காதே, தம்பியைத் தூக்கச் சொல்.

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பெரிய விஷயமில்லை, பதறாதே. கூட வேலை செய்யும் சுஜாதா, நம் ஊர்ப் பக்கம் இருக்கும் அவள் அண்ணனுக்காகப் பழைய ஸ்கூட்டர் தேடியபோது மாமல்லபுரத்து விளம்பரம் ஒன்றைக் காட்டினாள். 'நூற்றைம்பத்தைந்து சிசி, லிக்விட் கூல்டு எஞ்சின், புது பெல்ட், உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காத வண்டி, ஒரே பெண் ஓனர்.' படத்தில் நின்றது என் நீல வண்டி. புனேக்கு வரும் முன், சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்த கம்பெனிக்குப் போய்வர நான் ஆசையாக வாங்கியது.

சுஜாதா ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பருக்குப் பேசினாள். எடுத்தது தம்பி தேவா. பக்கத்தில் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது.

"ஓனரு எங்க அக்காதாங்க. அது இனிமே வூட்டுக்கு வராது. கையெழுத்து அம்மா வாங்கிக் குடுத்துடும்" என்றான்.

நான் போனை வாங்கி, "யார்றா சொன்னது வரமாட்டேன்னு?" என்றேன். வைத்துவிட்டான்.

வண்டியை நல்ல தண்ணீரில் கழுவச் சொல் அம்மா. பெல்ட் மூடிக்குள் தண்ணீர் போகக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் ஊற்றட்டும்.

கையெழுத்துக் கேட்டு என்னைக் கூப்பிடாதே. வீட்டுக்கு வா என்று கூப்பிடு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன் மகள்
வினிதா