ஏகாதசி வெந்நீர்

அத்தை,

இன்று வைகுண்ட ஏகாதசி. விடிவதற்கு முன்பே எழுந்து, கொல்லைப்புறத்தில் உங்கள் செம்புப் பாய்லரைப் பற்ற வைத்துவிட்டேன். கொட்டாங்குச்சிப் புகை கண்ணைக் கரித்த பிறகுதான் யாருக்காக வெந்நீர் போடுகிறேன் என்ற யோசனையே வந்தது. நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இந்த வீட்டுக்கு இந்த வருஷம் பண்டிகையும் இல்லை, கோயிலும் இல்லை. தாங்கள் யாரும் இந்தத் தடவை வரவில்லை என்று உங்கள் காட்டூர் நாத்தனார் போன வாரமே போனில் சொல்லிவிட்டார். ஆனாலும் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது.

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் சொல்லிவிட்டு வருவார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த முதல் ஏகாதசியன்று கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் சொர்க்க வாசலுக்கு வந்த சொந்தக்காரர்களின் பைகளும் பெட்டிகளும் கிடந்தன. ஜன்னல் கம்பியில்கூட ஈரப் புடவை தொங்கியது. ரயில்வே வேலை முடிந்து பொன்மலையிலிருந்து வந்த மாமா, மார்கழிக் குளிரில் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் படுக்கப் போனார். இது வீடா, சத்திரமா என்று உங்கள் பிள்ளையிடம் நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழுந்துவிட்டது.

"சத்திரத்துல காபி இவ்வளவு நல்லா இருக்காதும்மா" என்று சொல்லி டம்ளரை என் கையில் கொடுத்தீர்கள்.

உங்கள் வெந்நீரில் குளித்தவர்கள் எல்லோரும் பெருமாளுக்குப் பின்னாலேயே போய்ப் பரமபத வாசலைத் தாண்டிவிட்டு வந்தார்கள். நீங்கள் மட்டும் போனதில்லை. கூட்டம் வடிந்த பிறகு ஏதாவது ஒரு மத்தியானம் தனியாகப் போய் வருவீர்கள். கேட்டால், "நாளைக்கும் திறந்துதானே இருக்கும், என்ன அவசரம்?" என்பீர்கள். நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் ஒருநாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னீர்கள்: "பெருமாள் வெளிய வர்றப்போ பின்னாலேயே போகணும். ஒரு தடவை போதும்."

அதைப் பிடித்துக்கொண்டேன் நான். போன வருஷம் ஆபீசுக்கு லீவு போட்டேன். பாய்லர் இன்று என்னுடையது, நீங்கள் கிளம்புங்கள் என்றேன். மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை உடுத்திவிட்டேன். உங்கள் முழங்கால் அப்போதே சரியில்லை. உங்கள் நாத்தனார்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். வாசல்படியில் நின்று திரும்பி, மறுநாள் துவாதசிக்குச் சுண்டைக்காய் வத்தல் எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். தள்ளிவிடாத குறையாக அனுப்பி வைத்தேன்.

கொஞ்ச நேரம்தான். கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் முன்பின் தெரியாத மூன்று பெண்கள், கையில் பைகளோடு.

"அறந்தாங்கிப் பக்கமாம். பாவம், குளிக்க இடமில்லாம தெரு முனையில நின்னுட்டிருந்தாங்க" என்றீர்கள்.

நாத்தனார்களைப் போகச் சொல்லிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வழி சொல்லி அனுப்பியிருக்கலாம். அது உங்களுக்குத் தோன்றாது. பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீங்கள் பாய்லருக்குக் கொட்டாங்குச்சி போட்டதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. குளித்துக் காபி குடித்துக் கிளம்பும்போது மூவரில் மூத்தவர் உங்கள் பெயரைக் கேட்டார். பெயரைச் சொல்லிவிட்டு, பேச்சை வளர்க்காமல் சீக்கிரம் போகும்படி விரட்டினீர்கள். அன்று முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. நீங்களும் அதைக் கண்டுகொள்ளாததுபோல் இருந்தீர்கள்.

ஐப்பசியில் நீங்கள் போனபோது எல்லோரும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது அந்தப் பழைய கோபம்தான். ஒரு தடவை போதும் என்றீர்களே, அந்த ஒரு தடவையைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்று.

இன்று வெந்நீர் கொதிக்கும் நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. அதே மூன்று பெண்கள். துவாதசிக்கு ஆகுமென்று உங்களுக்காக ஒரு கட்டு அகத்திக்கீரை கொண்டு வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மூத்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்களாலதானே அவங்க வரலைன்னு மனசு கேக்கலைங்க. போன வருஷம் வாசலைத் தாண்டுறப்போ அவங்க பேரைச் சொல்லிக்கிட்டேதான் தாண்டினோம். எங்களோட அவங்களையும் கூட்டிட்டுப் போனோம்னு நெனச்சுக்கிட்டோம்" என்றார்.

நான் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண் கலங்கியதற்குப் புகையைக் காரணம் சொல்ல வசதியாக இருந்தது. ஒரு வருஷமாகச் சுமந்த கோபம் அத்தை, அப்படியே கரைந்து போனது.

அவர்கள் குளித்தார்கள். காபி கொடுத்தேன். உங்கள் காபி மாதிரி இல்லைதான், ஆனாலும் குடித்தார்கள். கிளம்பும்போது நான் வரவில்லையா என்று கேட்டார்கள். வருஷம் திரும்பாத வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கும் திறந்துதானே இருக்கும், நீங்க போயிட்டு வாங்க" என்று வந்துவிட்டது.

"அப்ப உங்க பேரைச் சொல்லுங்க" என்றார் மூத்தவர்.

இந்த வருஷமும் எங்கள் அத்தை பேரையே சொல்லுங்கள் என்றேன்.